இடுப்பில் நான்கு விரல்கள்

1

ஜூன் 11, புதன்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணி. நீதிமன்றத்துக்குப் பின்தெருவில், நகலெடுக்கும் கடையின் மாடியில் இருக்கும் புகைப்பட நிலையத்தில், ஒரு பெண்ணின் இடுப்பிலிருந்து நான்கு விரல்கள் நீக்கப்பட்டன. விரல்களை நீக்க இரண்டு நிமிடம் ஆனது. அவை அழுத்தியிருந்த இடத்தில் சட்டைத் துணி மடிந்திருந்தது. அந்த மடிப்புகளைச் சமன்செய்ய ஏழு நிமிடம் ஆனது.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு ஞாயிறு இதழுக்காகப் புகைப்படக் கண்காட்சி ஒன்றைப் பற்றி எண்ணூறு சொற்கள் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தேன். உடலையும் விருப்பத்தையும் பற்றிய கண்காட்சி அது. ஓர் ஆண் இன்னோர் ஆணின் கழுத்தில் முகம் புதைத்திருந்தார். எழுபது வயதுப் பெண்ணொருவர் ஆடையில்லாமல் கேமராவை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல படங்கள். வாசலில் ஒரு பலகை: 'இயல்பு என்று யார் சொன்னது?' எல்லோரையும் போல நானும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ஒரு வரி ஓடவில்லை. அந்தக் கூடத்துக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டவர்கள். பலகையின் கேள்வி யாரைப் பார்த்துக் கேட்கப்பட்டதோ, அவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை.

மறுநாள் பாஸ்போர்ட்டுக்குப் படம் எடுக்கப் போனேன். வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்காரவைத்து ஸ்டூடியோக்காரர் சொன்னார்: "காது தெரியணும், பல்லு தெரியக்கூடாது. நார்மலா இருங்க."

"நார்மல்னா எப்படி?"

அவர் கேமராவுக்குப் பின்னால் போனார். மூலையில் கணினிக்கு முன் உட்கார்ந்திருந்த பெண் திரும்பாமலே சொன்னார்: "பார்த்தா யாரும் எதுவும் கேக்கக்கூடாது. அதான் நார்மல்."

நான் தேடிப் போய்க் கிடைக்காத பதில் பாஸ்போர்ட் முக்காலியில் கிடைத்துவிட்டது. அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் ஒரு கையைப் பற்றிச் சொன்னார்.

2

முதலில் இதை இப்படித் தொடங்கியிருந்தேன்:

'ஒளி என்பது ஒருவகைத் தொடுதல். தொடுதல் என்பது ஒருவகை—'

வேண்டாம். இதற்கு மேல் போனால் எனக்கே புரியாது. அடுத்து இப்படி:

'அந்த விரல்களின் சூடு இன்னும் துணியில் ஆறியிருக்கவில்லை, அதற்குள்—'

ஆறியதா இல்லையா என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான் அங்கே இல்லை. கடைசியில் தேதியையும் நேரத்தையும் மட்டும் வைத்துக்கொண்டேன். அது அந்தக் கணினியிலேயே பதிவாகியிருக்கிறது. பொய் சொல்லாது.

விரல்களை நீக்கியவரை அந்தத் தெருவில் எல்லோரும் 'டச்சப் அக்கா' என்கிறார்கள். அவரைவிடப் பத்து வயது மூத்தவர்களுக்கும் அவர் அக்காதான். பதினாறு ஆண்டுகளாக அதே நாற்காலி. முகப்பரு, பவுடர் திட்டு, மூடிய கண், சட்டையில் காபிக் கறை எல்லாம் அவர் கையில் மறையும். அவர் நீக்கும் பொருள்களிலேயே அதிகம் நீக்கியது கைகளைத்தான். கூட்டமாக நின்று படம் எடுக்கும்போது ஒருவர் முதுகுக்குப் பின்னால் இன்னொருவர் கைபோடுவார். முன்னாலிருந்து பார்த்தால் கையின் சொந்தக்காரர் தெரியமாட்டார், இடுப்பில் நான்கு விரல்கள் மட்டும் முளைத்திருக்கும். தொழிலில் இதற்கு 'அநாதைக் கை' என்று பெயர். பார்த்த உடனே எடுத்துவிட வேண்டும்; யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இதற்கு ஒரே ஒரு விலக்கு. ஸ்டூடியோக்காரர் படம் எடுத்ததும் ஒரு சீட்டு எழுதித் தருவார். அந்தச் சீட்டைப் பார்த்து டச்சப் அக்கா படத்தைக் கோப்புறையில் போடுவார். கணினியில் நான்கு கோப்புறைகள்: ஜோடி, குடும்பம், பாஸ்போர்ட், மற்றவை. 'ஜோடி'க்குள் போன படத்தில் இடுப்பில் கை இருந்தால் அது அநாதை ஆகாது. அதை அப்படியே விட்டுவிடலாம்.

(இந்த இடத்தில் கட்டுரையாளன் தலைநீட்டி, 'இயல்பு என்பது நான்கு கோப்புறைகள்' என்று எழுதப் பார்த்தான். தலையில் தட்டி உட்காரவைத்திருக்கிறேன்.)

3

ஜூன் 9 அன்று படம் எடுத்துக்கொள்ள வந்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். இன்னொருவர் மருத்துவமனை மருந்தகத்தில் சன்னலுக்குப் பின்னால் நின்று மாத்திரை எண்ணிக்கொடுக்கும் மருந்தாளுநர். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. மருந்தாளுநரை ஓட்டுநர் 'டாக்டர்' என்பார். ஓட்டுநரை மருந்தாளுநர் 'பைலட்' என்பார். பதினோரு வருடங்களாக ஒரே வீட்டில், ஒரே அறையில் வாழ்கிறார்கள். வெளியில் கேட்பவர்களுக்குப் பல பதில்கள் வைத்திருந்தார்கள்: தோழிகள், தூரத்துச் சொந்தம், வாடகையைப் பகிர்ந்துகொள்பவர்கள். எல்லாப் பதிலும் மருந்தாளுநர் தயாரித்தவை. மாத்திரை அட்டையில் வேளை எழுதித் தருவதுபோல ஆளுக்குத் தக்க பதிலைக் கொடுப்பார்.

முன்னறைச் சுவரில் மருந்தாளுநரின் அண்ணன் குடும்பம் இருந்தது. ஓட்டுநரின் அப்பா இருந்தார். இவர்கள் இருவரும் சேர்ந்த படம் மட்டும் இல்லை. நடுவில் ஓர் ஆணி இருந்தது. ஓட்டுநர் நான்கு வருடத்துக்கு முன்பே அடித்துவைத்த ஆணி.

"ஆணிக்கு வயசாகுது, டாக்டர்" என்று அவ்வப்போது சொல்லிக்காட்டுவார்.

அந்த வருடம் மருந்தாளுநர் ஒருவழியாகச் சரி என்றார்.

ஸ்டூடியோக்காரர் இருவரையும் அருகருகே நிற்கவைத்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "அக்கா தங்கச்சியா?"

"ஆமா" என்றார் மருந்தாளுநர்.

யோசித்துச் சொன்னதில்லை. பதினோரு வருடப் பழக்கம் வாயை முந்திக்கொண்டது. பக்கத்தில் ஓட்டுநரின் உடம்பு விறைத்ததை அவர் உணர்ந்தார். ஸ்டூடியோக்காரர் சீட்டில் 'சகோதரிகள்' என்று எழுதிக்கொண்டு கேமராவுக்குப் பின்னால் போனார். அவர் "ரெடி" என்று சொன்ன நொடியில் மருந்தாளுநர் பின்னாலிருந்து கையை நீட்டி ஓட்டுநரின் இடுப்பைப் பிடித்தார். மூன்றாவது மனிதர் ஒருவர் முன்னால் அவர் அப்படிப் பிடித்தது வாழ்க்கையில் அதுதான் முதல்முறை. சொன்ன 'ஆமா'வுக்கு அந்தக் கை மன்னிப்புக் கேட்டது.

கேமரா அதைப் பார்த்தது. பார்த்ததை அப்படியே எடுத்தும் வைத்தது. இரண்டு நாள் கழித்து அது 'குடும்பம்' கோப்புறையைத் திறந்த டச்சப் அக்காவின் முன்னால் வந்தது.

4

ஜூன் 14, சனிக்கிழமை, படம் வீட்டுக்கு வந்தது. பெரிய படம், தேக்கு நிறச் சட்டம். ஓட்டுநர் பழுப்புத்தாளைக் கிழித்தார். இருவரும் பார்த்தார்கள்.

"நல்லா இருக்கு" என்றார் ஓட்டுநர்.

"ம். நல்லா இருக்கு" என்றார் மருந்தாளுநர்.

படத்தை ஆணியில் மாட்டவில்லை. செருப்பு அடுக்கும் பலகைக்குப் பக்கத்தில், சுவரைப் பார்க்கத் திருப்பிச் சாய்த்துவைத்தார்கள்.

ஓட்டுநர் நினைத்தது: 'அக்கா தங்கச்சின்னு சொன்னவதானே. கையும் தெரியக்கூடாதுன்னு போன் பண்ணி எடுக்கச் சொல்லியிருக்கா.' மருந்தாளுநர் நினைத்தது: 'நான் சொன்ன ஆமாவுக்குப் பழி. சகோதரின்னா சகோதரியாவே இருக்கட்டும்னு பைலட்தான் என் கையை எடுக்கச் சொல்லியிருக்கா.'

இரண்டு பேரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். பத்து நாட்கள் அந்த வீட்டில் பாத்திரங்கள்தான் பேசிக்கொண்டன. பத்தாவது நாள் மருந்தாளுநர் தன் அண்ணன் வீட்டில் ஒரு வாரம் இருந்துவிட்டு வரலாமா என்று பார்ப்பதாகச் சொன்னார். ஓட்டுநர், "உன் இஷ்டம்" என்றார்.

வாசகரே, இந்தப் பகுதியை நான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதினேன். இருவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரணாக இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம். ஒரே படத்தைப் பார்த்து, ஒரே இடத்தில், ஒரே காயம் பட்டிருக்கிறார்கள்.

5

மறுநாள் காலை, பேருந்தைப் பள்ளியில் விட்ட கையோடு ஓட்டுநர் படத்தைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

"அக்கா, இதுல ஒரு கை இருந்துச்சு."

டச்சப் அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எந்தக் கை?"

"இங்க." தன் இடுப்பைத் தொட்டுக் காட்டினார். "நாலு விரல்."

ஸ்டூடியோக்காரர் குறுக்கே வந்தார். "கை இல்லாம க்ளீனா இருக்கேம்மா. கொஞ்சம் ஒல்லியா வேற தெரியிறீங்க."

"ஒல்லியாகறதுக்கு நான் இங்க வரல. இதை எடுக்கச் சொன்னது யாரு? அதை மட்டும் சொல்லுங்க. என்கூட வந்தவங்களா? போன் பண்ணாங்களா?"

புகைப்பட நிலையங்களில் இப்படிப்பட்ட கேள்விக்குத் தயாராக இரண்டு பதில்கள் உண்டு: 'நீங்கதானே கேட்டீங்க', 'பிரிண்டுல போயிருக்கும்.' இரண்டும் நாக்கு நுனிவரை வந்ததாக டச்சப் அக்கா என்னிடம் சொன்னார். எதிரில் நின்றவரின் முகம் படத்தைக் கேட்டு வந்த முகமாக இல்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் முகமாக இருந்தது.

"யாரும் சொல்லல" என்றார். "நானாத்தான் எடுத்தேன்."

"ஏன்?"

"பழக்கம்."

"போன் வரலையா?"

"வரல."

"யாருமே?"

"யாருமே சொல்லலம்மா. அந்தக் கை போனது முழுக்க முழுக்க என் வேலை."

ஓட்டுநர் பாஸ்போர்ட் முக்காலியில் உட்கார்ந்தார். பின்னால் வெள்ளைத் திரை. முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். பிறகு தோள்கள் குலுங்கின. டச்சப் அக்கா பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க எழுந்தார். பார்த்தால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"பத்து நாள், அக்கா. பத்து நாளா அவ வெச்ச ரசத்தை மனசுக்குள்ள குத்தம் சொல்லியே சாப்பிட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சரி, கையைத் திருப்பிக் குடுங்க."

அங்கேதான் சிக்கல். படம் வாங்கிக்கொண்டு போனதும் மூலப்படத்தை அழித்துவிடுவது கடையின் வழக்கம். ஆனால் டச்சப் அக்காவுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. நல்ல கண், நல்ல காது, முழுசாக விழுந்த பொத்தான் எது வந்தாலும் வெட்டி 'உதிரி' என்று தனியாகச் சேர்த்துவைப்பார். யார் படத்துக்காவது உதவும். பழைய பேருந்துக்குக் கழற்றிவைக்கும் சாமான் மாதிரி என்று ஓட்டுநருக்கு விளக்கினார். உதிரியில் மருந்தாளுநரின் நான்கு விரல்கள் பத்திரமாக இருந்தன.

"அப்பாடா" என்றார் ஓட்டுநர்.

"இருங்க. ஒண்ணு சொல்லிடறேன்." டச்சப் அக்கா குரலைத் தாழ்த்தினார். "அதை இன்னொரு படத்துல போட்டுட்டேன்."

"எதுல?"

"ஒரு தலைமையாசிரியர். இருபத்தஞ்சாவது கல்யாண நாள். அவர் உக்காந்திருக்கார், அந்தம்மா பின்னாடி நிக்கறாங்க. ரெண்டு கையும் நாற்காலி மேலதான் வெச்சிருந்தாங்க, அவரைத் தொடவே இல்ல. அப்புறம் அவர் தனியா வந்து, என் தோள்ல ஒரு கை வெக்க முடியுமான்னு கேட்டார்."

"டாக்டர் கையையா வெச்சீங்க?"

"அளவு சரியா இருந்துச்சும்மா."*

* தலைமையாசிரியர் வீட்டில் அந்தப் படம் இன்றும் மாட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும் யாரும் எதுவும் கேட்பதில்லை. தோளிலிருப்பது தன் கையில்லை என்பது அவர் மனைவிக்குத் தெரியாமல் இருக்காது. அந்தம்மாவைப் பற்றி ஒரு தனிக்கதை எழுதத் தொடங்கி, 'ஒரு நாள் தூசு தட்டும்போது அவர்—' என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அது வேறொருவரின் வீடு.

6

இங்கே ஒரு பாத்திரத்தைப் பற்றிச் சந்தேகம் வந்தது. டச்சப் அக்கா ஏன் உண்மையைச் சொன்னார்? மூன்றாவது வரைவில் அவருக்கு ஒரு ரகசியம் கொடுத்தேன். கல்லூரி நாட்களில் ஒரு தோழி, ஒரு மழை, எரிக்கப்பட்ட ஒரு புகைப்படம். எழுதும்போது நன்றாகத்தான் ஓடியது. அவரிடமே படிக்கக் கொடுத்தேன்.

"இது யாரு?" என்றார்.

"நீங்கதான்."

"எனக்கு ஏது இந்தத் தோழி? எனக்கு ரெண்டு பசங்க. புருஷன் குறட்டை விடுவார். அவ்வளவுதான் என் கதை." தாளைத் திருப்பித் தந்தார். "ஒருத்தங்க வலி புரியணும்னா எனக்கும் அதே வலி இருக்கணுமா? பல் டாக்டருக்குப் பல்வலி இருந்தாத்தான் வைத்தியமா?"

அந்த மழையையும் புகைப்படத்தையும் கிழித்துப்போட்டேன்.

ஆனால் என் இன்னொரு கேள்வியை அவர் அவ்வளவு சுலபமாகத் தள்ளவில்லை. சீட்டில் 'சகோதரிகள்' என்று இருந்ததால் எடுத்தார், சரி. கையைப் பார்த்தபோது அவருக்கு எதுவும் தோன்றவே இல்லையா?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார். "விரலை எடுக்க ரெண்டு நிமிஷம். துணி மடிப்புக்கு ஏழு நிமிஷம். சும்மா வெச்ச கை துணியை அப்படி மடிக்காது. பழகின கைதான் அழுத்தும். ஏழு நிமிஷமும் அதைத்தான் பார்த்துட்டிருந்தேன்." கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "தெரிஞ்சுது. தெரிஞ்சதும் இன்னும் ஒழுங்கா தேச்சேன். பார்த்தா யாரும் எதுவும் கேக்கக்கூடாதுல்ல. அவங்களுக்கு நல்லது பண்றதா நினைச்சேன்."

கண்காட்சியின் பலகை கேட்ட கேள்விக்கு ஒரு பதிலை நேரில் கண்டேன் என்றால் அது இதுதான். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. மடிப்புகளைத் தேய்த்த அந்த ஏழு நிமிடமும் அவர் அந்தப் பெண்களின் பக்கம்தான் நின்றார்.

7

ஜூன் 26 மாலை, விரல்களை மறுபடி ஒட்டிய புதிய படத்துடன் டச்சப் அக்கா அந்த வீட்டுக்கே போனார். ஓட்டுநர்தான் கூப்பிட்டிருந்தார். "நான் சொன்னா நம்பாம இருக்கமாட்டா. ஆனா நீங்க சொன்னா இன்னும் கொஞ்சம் நம்புவா."

மருந்தாளுநர் கதவைத் திறந்தார். கூடத்தில் பாதி அடுக்கிய பெட்டி ஒன்று இருந்தது. டச்சப் அக்கா செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார்: "உங்க கையை எடுத்தது நான். இவங்க சொல்லல."

மருந்தாளுநர் ஓட்டுநரைப் பார்த்தார். "நீ சொல்லலையா?"

"நீ சொன்னேன்னுதான் நான் நினைச்சேன்."

"நானா? நான் வெச்ச கைடீ அது."

"அக்கா தங்கச்சின்னு சொன்ன வாயும் உன்னுதுதானே."

"அதுக்குத்தான் கையை வெச்சேன்."

இதற்கு மேல் அவர்கள் பேசியது தனக்குக் கேட்காத மாதிரி சன்னல் பக்கம் போய் நின்றுகொண்டதாக டச்சப் அக்கா சொன்னார். திரும்பியபோது மருந்தாளுநர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார். பெட்டியின் மேல் ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார், அது இனித் திறக்காது என்பதுபோல.

தலைமையாசிரியர் விஷயத்தையும் சொன்னார்கள். மருந்தாளுநர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அவரா? மாசாமாசம் பிரஷர் மாத்திரை வாங்க வருவாரே. என்கிட்ட சில்லறைக்குச் சண்டை போடுவார்." பிறகு, "இருக்கட்டும், பாவம். யார் கையாவது இருக்கட்டும்."

அப்புறம் புதிய படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். மாத்திரை அட்டையில் காலாவதித் தேதி தேடும் பார்வை.

"கை என்னுதுதான். ஆனா சும்மா மேல வெச்ச மாதிரி இருக்கு. நான் இப்படிப் பிடிக்கல."

உதிரியில் விரல்கள் மட்டுமே இருந்தன. மடிப்புகள் இல்லை. அவற்றை யாரும் எடுத்துவைப்பதில்லை.

"வரைஞ்சு பார்க்கட்டுமா?" என்றார் டச்சப் அக்கா.

"வேண்டாம்" என்றார் மருந்தாளுநர். படத்தைத் திருப்பித் தந்தார். "திரும்ப எடுத்துக்கலாம்."

8

இந்த இடத்தில் என்னிடம் மூன்று முடிவுகள் இருந்தன.

முதலாவதில் மருந்தாளுநரின் அண்ணன் எதிர்பாராமல் வந்து சுவரைப் பார்க்கிறார். (அண்ணன்மார் வந்து நின்று தீர்ப்புச் சொல்லும் முடிவுகளை நிறையப் படித்துவிட்டோம். அவருக்கு விடுமுறை.) இரண்டாவதில் இந்தப் படம் அந்தக் கண்காட்சியின் வெள்ளைச் சுவரில் தொங்குகிறது. கேட்டேன். "எங்க ஆணி வீட்ல இருக்கு" என்றார் ஓட்டுநர். மூன்றாவதில் மருந்தாளுநரால் மறுபடி முடியவில்லை. முதல்முறை தானாகப் போன கை, இந்த முறை எல்லோருக்கும் தெரிந்தே போக வேண்டும். படம் எடுக்கும் மாடியின் படியில் அவர் நின்றுவிடுகிறார், ஓட்டுநர்—

மூன்றாவது கிட்டத்தட்ட நடந்தது.

ஜூலை 9 அன்று ஸ்டூடியோக்காரர் இருவரையும் நிற்கவைத்தார். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. டச்சப் அக்கா ஏற்கெனவே சீட்டை எழுதிக் கொடுத்திருந்தார். மருந்தாளுநர் கையை வைத்தார். பதினான்கு தடவை எடுத்தார்கள். பதினான்கிலும் விரல்கள் இருக்கின்றன, மடிப்பு இல்லை. தேர்வு எழுதும் கை. கணினிக்குப் பக்கத்திலிருந்து டச்சப் அக்கா ஒவ்வொரு முறையும் தலையை அசைத்தார்.

"இது போதும்" என்றார் மருந்தாளுநர். நெற்றி வியர்த்திருந்தது. "இதையே போட்டுடுங்க."

"இரு, டாக்டர்" என்றார் ஓட்டுநர். குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னார்.

அது என்ன என்பதுதான் இந்தக் கதையில் எனக்குக் கிடைக்காத ஒரே தகவல். ஸ்டூடியோக்காரருக்குக் கேட்கவில்லை. டச்சப் அக்கா, "கேட்டாலும் சொல்லமாட்டேன்" என்கிறார். ஓட்டுநர் பேச்சை மாற்றுகிறார். மருந்தாளுநர் சிவந்துபோகிறார். நானாக எதையாவது எழுதிச் சேர்க்கலாம். அளவு சரியாக இருக்கிறதென்று வேறு யாரோ எங்கோ சொன்ன ஒரு வரியை ஒட்டலாம். உதிரியிலிருந்து எடுக்கும் வேலையை இந்தக் கதையில் ஒருவர் செய்தது போதும். கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்த ஒரு காதில் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

"                                        "

பதினைந்தாவது படத்தில் ஓட்டுநரின் சட்டை இடுப்பில் மடிந்திருக்கிறது. மருந்தாளுநரின் பல் தெரிகிறது. படம் 'ஜோடி' கோப்புறையில் சேர்க்கப்பட்டது. டச்சப் செய்யப்படவில்லை. ஜூலை 12, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு அது முன்னறையில் மாட்டப்பட்டது. ஆணி போதுமானதாக இருந்தது.